வட்டி குறைந்தும் பங்கு ஏன் இறங்கியது?

கேள்வி: கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். மிச்சம் பிடித்த பணத்தில் கொஞ்சம் வங்கிப் பங்கு வாங்கினேன். மீதி வைப்புத்தொகையாக இருக்கிறது. 2025 பிப்ரவரி 7 அன்று ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்தது, சந்தையோ இறங்கியது. வட்டி குறைந்தால் பங்கு ஏறும் என்றார்களே, ஐயா?
– வாசகி, பாம்பன்

பதில்: அம்மா, மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதியோடு முடியும் என்பது உங்கள் ஊரில் யாருக்குத் தெரியாது? ஐஸுக்குச் சொல்லிவைத்து, வலையைச் சரிபார்த்து, டீசல் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். மறுநாள் காலையில் வந்து "தடை முடிந்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? பிப்ரவரியில் நடந்ததும் அதுதான். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கான வட்டி, அதாவது ரெப்போ வட்டி, 6.50 சதவீதத்திலிருந்து 6.25 ஆகும் என்று சந்தை முன்பே கணக்குப் போட்டிருந்தது. அதற்கு மேல் அறிவிப்பில் பெரிதாக ஒன்றும் இல்லை. மும்பைப் பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் சுமார் 198 புள்ளி இறங்கியது.

அதே ஆண்டு ஜூன் 6-ஐப் பாருங்கள். ஏப்ரலிலேயே 6 ஆகியிருந்த ரெப்போ வட்டியை, பலரும் கால் சதவீதக் குறைப்பு எதிர்பார்த்த இடத்தில் அரை சதவீதம் குறைத்து 5.50 ஆக்கினார்கள். போதாதற்கு, வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் வட்டியில்லாமல் போட்டுவைக்க வேண்டிய ரொக்க இருப்பையும் நான்கு தவணைகளில் 4 சதவீதத்திலிருந்து 3 ஆக்குவதாகச் சொன்னார்கள். முடங்கிக் கிடந்த பணம் கடன் கொடுக்கக் கைக்கு வருகிறது அல்லவா? அன்று சென்செக்ஸ் 700 புள்ளிக்கு மேல் ஏறியது.

வங்கிப் பங்கின் சங்கதி வேறு. மண்டபத்தில் ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன் சொல்கிறேன். ரெப்போவோடு கட்டிய வீட்டுக்கடனின் வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வங்கி மாற்றியமைக்க வேண்டும். உங்கள் வைப்புத்தொகைக்கு ஒப்புக்கொண்ட வட்டியையோ முதிர்வு நாள்வரை கொடுத்தே தீரவேண்டும். வரவு முதலில் சுருங்கும். செலவு ஆற அமரத்தான் இறங்கும். அதனால் சில காலாண்டுகளுக்கு லாபம் இளைக்கும். வட்டி குறையும்போது, வங்கியின் கையிலிருக்கும் பழைய அரசுக் கடன் பத்திரங்களின் விலை ஏறுவது ஓரளவு ஈடுகட்டும். நிலையான வட்டிக் கடன் அதிகம் கொடுத்த வங்கிக்கு அடி குறைவு. நீங்கள் எந்த வங்கியின் பங்கு வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அதன் ஆண்டறிக்கையில் இந்தக் கணக்கைத் தேடுங்கள்.

பங்கைவிட எனக்குக் கவலை உங்கள் வைப்புத்தொகைதான். முதிர்ந்ததும் தானாகப் புதுப்பிக்கும்படி எழுதிக் கொடுத்திருந்தால், அன்றைய குறைந்த வட்டிக்குத்தான் அது மாறும். ரசீதை எடுத்து, முதிர்வுத் தேதியை இன்றே பாருங்கள்.