வீட்டுக்குள் பெரிய மாடல் ரயில்: பிளான் எங்கிருந்து தொடங்குவது?

12-க்கு 10 அடி அறை ஒன்று காலியாக இருக்கிறது, 45 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் பெரிய ‘ஜி’ ஸ்கேல் ரயில் வைக்க வேண்டும், பிளான் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிளான் வரைவதைத் தள்ளிப் போடுங்கள். எந்த ரயில் என்று முதலில் முடிவு செய்யுங்கள். நாம் தினமும் பார்க்கும் ஐ.சி.எஃப். பெட்டியின் நீளம் 21 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஜி ஸ்கேலின் 1:22.5 அளவில், அதாவது அசலை 22.5-ஆல் வகுத்தால், அது ஒரு பெட்டிக்கே 95 செ.மீ. எஞ்சினும் மூன்று பெட்டியும் வைத்தால் உங்கள் நீளச் சுவர் தீர்ந்துவிடும், அப்புறம் ஓடுவதற்கு இடம் ஏது? தண்டவாள இடைவெளியும் ஒத்துவராது. பிராட் கேஜ் 1676 மி.மீ., இந்த அளவில் 74 மி.மீ.க்கு மேல் வரும். 1000 மி.மீ. மீட்டர் கேஜைச் சுருக்கினால் 44.4 மி.மீ. 45 மி.மீ. தண்டவாளத்துக்குக் கச்சிதம்.

அதனால் என் ஓட்டு மீட்டர் கேஜில் ஓடும் நீலகிரி மலை ரயிலுக்கு. அதிலும் முழுப் பாதை வேண்டாம், குன்னூர் நிலையம் மட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு டீசலை மாட்டி ஊட்டிக்கு அனுப்புவார்கள். எஞ்சின் ஷெட், பிரிந்து மறுபடி சேரும் லூப் லைன், எஞ்சின் மாற்றம் எல்லாம் ஒரே இடத்தில். சும்மா சுற்றிவரும் ரயிலைப் பார்த்துக்கொண்டிருப்பது சீக்கிரம் அலுத்துவிடும். எஞ்சின் மாற்றும் வேலை அலுக்காது.

மலை ஏற்றமும் வேண்டும் என்பீர்கள். ஒரு பாதைக்கு மேல் இன்னொன்று போக 25 செ.மீ. உயரமாவது வேண்டும். 3 சதவீத ஏற்றத்தில் அதற்கு 8 மீட்டருக்கு மேல் ஓட வேண்டும், இறங்கவும் அதே தூரம். அசல் போலவே பல்தண்டவாளம் போட்டு 12-க்கு 1 என்று ஏற்றினால் 3 மீட்டர் போதும், ஆனால் அதற்கேற்ற பல்சக்கர எஞ்சின் விலை கூட. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அறை நடுவில் மேசை போடாதீர்கள். சுவரோரமாக 60 செ.மீ. அகலப் பலகை, நெஞ்சு உயரத்தில். 75 செ.மீ.க்கு அப்பால் தடம் புரண்ட பெட்டியை எடுக்கக் கை எட்டாது. வளைவுக்கு 60 செ.மீ. ஆரத் தண்டவாளம் கிடைக்கும், சின்ன எஞ்சின் திரும்பும், பார்க்கப் பொம்மை ரயில்தான். சுவரோரம் என்றால் இந்த அறையில் 1.2 மீட்டர் ஆரம்கூட அடங்கும். கதவு உள்பக்கம் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அந்த இடத்தில் கழற்றி எடுக்கும் பாலம் தேவைப்படும்.

பலகைக்கு 12 மி.மீ. பி.டபிள்யூ.ஆர். (ஈரம் தாங்கும்) பிளைவுட், அடியில் மர ரீப்பர் சட்டம். மலிவுப் பலகை ஒரு மழைக்காலத்தில் வளைந்துவிடும், கரையானும் சும்மா இருக்காது. கடலோர ஊர் என்றால் பித்தளைத் தண்டவாளம் சீக்கிரம் கறுக்கும், அடிக்கடி துடைக்க வேண்டும். இரண்டு மீட்டருக்கு ஒரு இடத்தில் மின் இணைப்பு கொடுங்கள், இல்லையென்றால் தூரம் போகப் போக எஞ்சின் சோரும். ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்களைத் தனித்தனியாக இயக்கப் போகிறீர்கள், ஆகவே ஆரம்பத்திலேயே டி.சி.சி., அதாவது ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனியாக உத்தரவு அனுப்பும் டிஜிட்டல் கட்டுப்பாடு.

இப்போதைக்கு ஒரு ஸ்டார்ட்டர் செட் மட்டும் வாங்குங்கள். மாடல் நிலையத்தை அதன் முழு அளவில் தரையில் சாக்பீஸால் வரைந்து, அதன் மேல் பெட்டிகளை நகர்த்திப் பாருங்கள். எத்தனை பாயிண்ட் (தடம் மாற்றும் தண்டவாளம்) தேவை என்பது அப்போதுதான் தெரியும். இறக்குமதிப் பொருள், சுங்கவரியும் சேரும்; எண்ணி வாங்குங்கள்.