பழைய கிராஃபிக்ஸ் கார்டு இரண்டு போட்டால் புதிய கார்டு ஒன்றுக்கு ஈடாகுமா?

உங்களிடம் என்விடியா நிறுவனத்தின் ஜிடிஎக்ஸ் 970 கார்டு ஒன்று இருக்கிறது, இன்னொன்று மலிவாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். வாங்காதீர்கள். 2016இல் நான் அதைச் செய்து பார்த்தவன்.

சென்னை ரிச்சி தெருவில் அதே மாடலைப் பழையதாக வாங்கி, இரண்டையும் இணைக்கும் பிரிட்ஜ் மாட்டி, இரண்டு கார்டும் சேர்ந்து வேலை செய்யும் எஸ்எல்ஐ வசதியை ஆன் செய்தேன். ஜிடிஏ 5 கேமில் எஃப்பிஎஸ், அதாவது ஒரு நொடிக்கு வரும் ஃபிரேம்கள், 55இலிருந்து 90க்கு ஏறியது. ஆனால் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் படம் வெட்டி வெட்டி வந்தது. எஸ்எல்ஐயில் ஒரு ஃபிரேமை ஒரு கார்டும், அடுத்ததை மற்றதும் வரையும். ஒன்று 6 மில்லிசெகண்டில் வரும், அடுத்தது 16இல். சராசரி 11, அதனால் எஃப்பிஎஸ் மீட்டரில் 90. கண்ணுக்குத் தெரிவது அந்த 16தான். அதனால் சோதிப்பவர்கள் எஃப்பிஎஸ் எண்ணை விட்டுவிட்டு ஒவ்வொரு ஃபிரேமும் எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஃபிரேம் டைம் கிராஃபைப் பாருங்கள்.

"உனக்கு செட் பண்ணத் தெரியவில்லை" என்று சிலர் வருவார்கள். கார்டின் டிரைவர் மென்பொருளை மூன்று முறை சுத்தமாக அழித்துப் போட்டேன், பிரிட்ஜை மாற்றினேன், கார்டுகளைத் தனித்தனியாக ஓட்டிப் பார்த்தேன். இரண்டிலும் குறையில்லை. ஜஸ்ட் காஸ் 3 கேமுக்கு எஸ்எல்ஐ ஆதரவே கிடையாது, இரண்டாவது கார்டு சும்மாவே கிடந்தது. மெமரியும் 4 ஜிபி, 4 ஜிபி சேர்ந்து 8 ஆகாது. ஒரே டேட்டாவை இரண்டு கார்டும் தனித்தனியாக வைத்திருக்கும். மே மாதச் சென்னை வெயிலில் மேல் கார்டு 80 டிகிரியைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

   

 பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டரிங்குக்கு இரண்டு கார்டு நன்றாகவே உழைக்கும், அதை நான் மறுக்கவில்லை. கேமுக்கு மட்டும்தான் சொல்கிறேன். 2021 முதல் என்விடியா புதிய எஸ்எல்ஐ புரொஃபைல் (ஒரு கேமில் இரண்டு கார்டும் சேர்ந்து ஓட டிரைவரில் இருக்கும் அமைப்பு) சேர்ப்பதை நிறுத்திவிட்டது. பிறகு வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டில் இன்னொரு கார்டை இணைப்பதற்கான இடமே இல்லை.

2017இல் இரண்டையும் விற்று ஒரே ஒரு ஜிடிஎக்ஸ் 1070 போட்டேன். மீட்டரில் 80தான், கிராஃப் கோடு நேராக ஓடியது. தம்பி பத்து நிமிஷம் ஆடிவிட்டு, "அண்ணா, இப்பதான் ஒழுங்கா ஓடுது" என்றான்.