தாத்தா போடாத கையெழுத்து

கேள்வி: என் தாத்தா புதுச்சேரியில் பதினாறு வயதில் மில் வேலைக்குப் போய், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தவர். அவருடைய தம்பி பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் போனார். 1956இல் அங்கிருந்து மார்செய் போய்ப் பிரான்சிலேயே தங்கிவிட்டார். அவர் குடும்பம் இப்போது பாரிசுக்கு அருகே சார்செல்லில் இருக்கிறது. சென்ற மாதம் திருமணத்துக்கு வந்த சித்தப்பா, "பெரியப்பா அன்றைக்கு ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் நீங்களும் எங்களோடு இருந்திருப்பீர்கள்" என்று பந்தியில் எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்றிலிருந்து தாத்தாமேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. அவருடைய பிரெஞ்சுப் பிறப்புச் சான்றிதழை வைத்துக் குடியுரிமை வாங்கித் தருவதாக ஒரு தரகர் எட்டு லட்சம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
- முதலியார்பேட்டை வாசகர்

பதில்: தம்பி, ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்றே இந்தியாவின் கைக்கு வந்துவிட்டாலும், சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடந்தது. அந்த நாளில் இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை என்றால் அவர் வழியில் கேட்பதற்கு எதுவும் இல்லை. பழைய பிறப்புச் சான்றிதழ் அவர் எங்கே, எப்போது பிறந்தார் என்பதை மட்டுமே சொல்லும். சந்தேகம் இருந்தால் பிரெஞ்சுத் தூதரகத்தில் நீங்களே நேரில் கேளுங்கள். தரகர் தரும் போலிக் காகிதத்தில் உங்கள் பெயர் ஏறிவிட்டால் வழக்கும் உங்கள்மேல்தான் வரும்.

சித்தப்பாவுக்கே தெரியாத ஒன்றையும் சொல்கிறேன். புதுச்சேரியில் பிறந்து, அந்த நாளில் இந்தியாவுக்கு வெளியே குடியிருந்தவர்களுக்கு, இந்தியாவும் பிரான்சும் செய்துகொண்ட இணைப்பு ஒப்பந்தம் வேறு விதி வைத்தது. அவர்கள் எதுவும் செய்யாமலே பிரெஞ்சுக் குடிமக்களாகத் தொடர்ந்தார்கள். இந்தியராக விரும்பினால்தான் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. மார்செய்யில் இருந்த உங்கள் சின்னத் தாத்தா எந்தக் கையெழுத்தும் போட்டிருக்கத் தேவையில்லை. அண்ணன், தம்பி இருவருமே காகிதத்தைத் தொடாமல் இருந்திருக்கலாம். அன்றைக்கு யார் எந்த ஊரில் இருந்தார் என்பதே இரண்டு குடும்பங்களையும் பிரித்திருக்கிறது. இதில் தம்பி கெட்டிக்காரர், அண்ணன் ஏமாளி என்ற கதைக்கு எங்கே இடம்?

எழுதிக் கொடுத்திருந்தாலும் அது விமான டிக்கெட் ஆகியிருக்காது. பிறந்த தெருவிலேயே வெளிநாட்டவராகிவிடுவோமே என்ற தயக்கம் அன்று பலருக்கும் இருந்தது. பட்டாளத்தில் இருந்த சொல்தாவுக்கு (பிரெஞ்சுப் படைச் சிப்பாய்க்கு) பிரான்ஸ் என்றால் சம்பளம், பதக்கம், பென்ஷன். மில் தொழிலாளிக்கு அது வேறு. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி சவானா மில்லில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மீது பிரெஞ்சுக் காலனி அரசின் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். எட்டு மணி நேர வேலை என்ற உரிமை அந்த ரத்தத்துக்குப் பிறகுதான் கிடைத்தது. இதைக் கண்ணால் கண்ட தலைமுறையிடம் 26 ஆண்டுகள் கழித்து, "நீ பிரெஞ்சுக்காரனாக இருக்க விரும்புகிறாயா?" என்று கேட்டால் என்ன பதில் வந்திருக்கும்? உங்கள் தாத்தாவின் மனதை நான் அறியேன். ஆனால் அவர் யோசிக்காமல் விட்டுவிட்டார் என்று முடிவு கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சித்தப்பாவின் பேச்சு தவறுதான், அதுவும் பந்தியில். ஆனாலும் அவரோடு உறவை முறித்துக்கொள்ளாதீர்கள். சின்னத் தாத்தா ஊரைவிட்டுப் போன கதை அவரிடம் இருக்கிறது, இருந்தவரின் கதை உங்களிடம் இருக்கிறது. ஒப்பந்தத்தின் இந்த விதியைத் தொலைபேசியில் நிதானமாக அவருக்குச் சொல்லுங்கள்.

உங்கள் பிள்ளைகளுக்கு பிரான்ஸ்மேல் ஆசை இருந்தால் அந்த எட்டு லட்சத்தை அவர்கள் படிப்புக்கு எடுத்து வையுங்கள். மாணவர் விசாவில் நேர்வழியாகப் போகலாம். பிரெஞ்சு கற்றுக்கொள்ள உங்கள் ஊரிலேயே 1889 முதல் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது.

வீட்டில் வயதான அத்தை யாராவது இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். மில்லில் சுட்ட நாளைப் பற்றித் தாத்தா என்ன சொல்லியிருக்கிறார் என்று கேளுங்கள்.