எண்ணெய் தடவினால் படர்தாமரை போகுமா?

கேள்வி: இடுப்பிலும் தொடை இடுக்கிலும் வட்ட வட்டமாகப் படர்தாமரை வந்திருக்கிறது. வேப்பெண்ணெய் தடவினால் அரிப்பு அடங்குகிறது. நிறுத்தினால் மீண்டும் கிளம்புகிறது. இதைவிட வீரியமான மூலிகை எண்ணெய் ஏதேனும் உண்டா?

பதில்: எண்ணெயை மாற்றிப் பயனில்லை. அரிப்பு அடங்குவது வேறு, பூஞ்சை அழிவது வேறு. வேப்பெண்ணெய்க்கும் புங்க எண்ணெய்க்கும் பூஞ்சையைத் தடுக்கும் தன்மை இருப்பது ஆய்வுக்கூடத் தட்டுகளில் காணப்பட்டதுதான். ஆனால் படர்தாமரைப் பூஞ்சை தோலின் மேலடுக்கிலுள்ள கெரட்டின் புரதத்தைத் தின்று, அதற்குள்ளேயே இழையோடி வாழ்வதால், மேலே பூசிய எண்ணெய் அதைத் தேவையான அளவில் சென்றடையும் என்பதற்கு உறுதியில்லை.

இவ்வகை எண்ணெய்களில் மனிதரிடம் ஓரளவு முறையாகச் சோதிக்கப்பட்டது தேயிலை மர எண்ணெய். (நாம் பருகும் தேயிலைக்கும் இதற்கும் உறவில்லை.) 1992இல் வெளியான ஓர் ஆய்வில், 10 சதவீத எண்ணெய் கலந்த களிம்பு காலின் சேற்றுப்புண்ணில் அரிப்பையும் செதிலையும் குறைத்தது, பூஞ்சையை ஒழிப்பதிலோ வெற்றுக் களிம்பைவிடக் குறிப்பிடும்படியாக மேம்படவில்லை. 2002இல் 25, 50 சதவீதக் கரைசல்களைக் கொண்டு நடந்த ஆய்வில் பலன் கூடியது என்றாலும், சிலருக்குத் தோல் அழற்சி ஏற்பட்டது. பாதத்துக்கே இப்படியென்றால், தோல் மெல்லிய தொடை இடுக்கில் அதைப் பூசிப் பார்க்க நான் சொல்லமாட்டேன். அங்கே எந்த எண்ணெயும் வியர்வையோடு சேர்ந்து பிசுபிசுத்து, பூஞ்சைக்குப் பிடித்த ஈரத்தையே நிலைநிறுத்தும்.

வட்டத்தை உற்றுப் பாருங்கள்: நடுப்பகுதி தெளிந்திருக்கும், விளிம்பு மட்டும் சிவந்து தடித்துச் செதிலோடு நிற்கும். பூஞ்சை முனைப்பாக இருப்பது அந்த விளிம்பில்தான். ஆகவே குளோட்ரிமசோல் போன்ற பூஞ்சை எதிர்ப்புக் களிம்பை விளிம்பைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை தடவி, தடிப்பு மறைந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் தொடர வேண்டும். ஸ்டீராய்டு கலந்த களிம்பு மட்டும் வேண்டாம். அது எண்ணெயைவிட வேகமாக அரிப்பை அடக்கிப் பூஞ்சையைப் பரவவிடும். இரண்டு மூன்று வாரத்தில் குறையாவிட்டாலோ, பல இடங்களில் பரவினாலோ, நீரிழிவு இருந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். செதிலைச் சுரண்டிச் சோதிக்க இடைஞ்சலாகும் என்பதால் எண்ணெய்ப் பிசுக்கோடு போகாதீர்கள். வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுக்கும் பழக்கமும் சில வீடுகளில் உண்டு. குழந்தைகளுக்கு அது வலிப்பு வரை கொண்டுபோய்விடக்கூடிய நஞ்சு.

கேள்வி: முதுகில் உள்ள தேமலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாமா?

பதில்: வேண்டாம். தேமலை உண்டாக்கும் மலசீசியா என்னும் பூஞ்சைக்குத் தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களைத் தானே உருவாக்கத் தெரியாது. வெளியிலிருந்து கிடைக்கும் கொழுப்பில்தான் அது வளரும். ஆய்வுக்கூடத்தில் அதை வளர்ப்பதற்கே ஆலிவ் எண்ணெய் சேர்ப்பது வழக்கம். தேங்காய் எண்ணெயிலுள்ள லாரிக் அமிலத்துக்குப் பூஞ்சையைத் தடுக்கும் குணம் உண்டென்பது உண்மைதான், ஆனாலும் எண்ணெய்ப் பசையை விரும்பும் பூஞ்சைக்கு எண்ணெயைப் பூசுவது சரியான தேர்வாகாது. கீட்டோகோனசோல் அல்லது செலினியம் சல்ஃபைடு ஷாம்புவை, அதில் குறிப்பிட்டுள்ள நேரம் வரை முதுகில் ஊறவிட்டுக் கழுவுவது நல்ல பலன் தரும். பூஞ்சை செத்த பிறகும் வெளுத்த திட்டுகள் பழைய நிறத்துக்கு வரச் சில மாதங்கள் பிடிக்கும். அந்த இடைவெளியில் மருந்து பலிக்கவில்லை என்றெண்ணி மறுபடி எண்ணெய்க்குத் திரும்பிவிடாதீர்கள்.