கல்யாணம் ஆகாமல் அப்பா ஆகப்போகிறவர்களின் சட்டக் கேள்விகள்

குடும்பநல வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். கேட்டவர்கள் எல்லோரும் இந்து வாரிசுச் சட்டத்துக்குள் வருகிறவர்கள் என்பதால் பதில்களும் அதை ஒட்டியே.

சார், கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்கிறோம். அவருக்கு ஐந்து மாதம். போலீஸ் பிரச்சினை வருமா?

இருவரும் மேஜர், இருவருக்கும் சம்மதம் என்றால் அது குற்றமே இல்லை. குஷ்பு வழக்கில் 2010-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. பெண்ணுக்கு 18 நிறையவில்லை என்றால் நிலைமை வேறு: போக்சோ சட்டத்தில் அவர் சம்மதம் செல்லாது, மருத்துவமனை தகவல் கொடுத்தே ஆக வேண்டும். அதற்குப் பயந்து செக்கப்புக்கு அழைத்துப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். இரண்டு உயிர் விஷயம்.

கலைத்துவிடலாம் என்கிறாள். எனக்குக் குழந்தை வேண்டும். தடுக்க முடியுமா?

முடியாது தம்பி. மேஜரான பெண்ணென்றால் சட்டம் கேட்பது அவர் சம்மதம் ஒன்றைத்தான். தாலி கட்டிய கணவனுக்கே அந்த உரிமை கிடையாது. அதேபோல, அவர் சம்மதம் இல்லாமல் கலைக்க வைத்தால் ஆயுள் தண்டனை வரை போகும்.

பிரிந்துவிட்டோம். என் குழந்தை இல்லை என்று சொன்னால் ஜீவனாம்சம் தர வேண்டாம்தானே?

படிக்கவே மனசு கஷ்டமாக இருந்தது. ஜீவனாம்சத்துக்கான சட்டம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு; இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 144. கல்யாணத்தில் பிறந்ததா இல்லையா என்ற பேதம் அதில் இல்லை. மாதம் 500 ரூபாய் என்ற உச்சவரம்பும் 2001-லேயே போய்விட்டது. உங்கள் வருமானத்தைப் பார்த்துத்தான் தொகை. உண்மையிலேயே சந்தேகம் என்றால் டிஎன்ஏ சோதனை கேளுங்கள். கோர்ட் உத்தரவிட்ட பிறகு மறுத்தால் அது உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

குழந்தை யாரிடம் இருக்கும்?

1956-ம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டப்படி, கல்யாணம் ஆகாமல் பிறந்த குழந்தைக்கு முதல் காப்பாளர் தாய், அவருக்குப் பிறகே நீங்கள். பார்க்கவே விடவில்லை என்றால் கோர்ட்டில் மனு போடலாம். குழந்தைக்கு எது நல்லது என்றுதான் நீதிபதி பார்ப்பார். பிரசவச் செலவு நீங்கள் கொடுத்ததற்கு ரசீது இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள்.

என் சொத்து குழந்தைக்குத் தானாக வருமா? 2023-ல் தீர்ப்பு வந்ததே?

பலர் ஏமாந்துபோகும் இடம் இது. பெற்றோர் சொத்தில் பங்கு உண்டு என்ற அந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, கல்யாணம் என்று ஒன்று நடந்து அது சட்டப்படி செல்லாமல் போனவர்களின் பிள்ளைகளுக்கானது. கல்யாணமே நடக்கவில்லை என்றால் குழந்தைக்குத் தாயின் சொத்தில்தான் வாரிசுரிமை. நீண்ட காலம் கணவன் மனைவியாக வாழ்ந்திருந்தால் கல்யாணம் ஆனதாகக் கோர்ட் அனுமானிக்கலாம். ஆனால் அதை நிரூபிக்க நீங்கள் அப்போது உயிரோடு இருக்க மாட்டீர்கள். அந்தப் பெண் கைக்குழந்தையோடு உங்கள் அண்ணன் தம்பிகளிடம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அதனால் இன்றே உயில் எழுதுங்கள். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை. உங்கள் கையெழுத்து, நேரில் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்து, அவ்வளவுதான். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள். குழந்தை பிறந்ததும் பெயர் சேர்த்துப் புதிதாக எழுதிக்கொள்ளலாம்.

இருவருக்கும் விருப்பம் இருந்தால் பிரசவத்துக்கு முன்பே கல்யாணத்தை முடித்துவிடுவதுதான் என் ஆலோசனை. ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 ஆகியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணத்துக்குப் புரோகிதர் வேண்டாம், மண்டபம் வேண்டாம். சாட்சிகள் முன்னால் மாலை மாற்றினாலே செல்லும். வேறு மதம் என்றால் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் நோட்டீஸ் உண்டு. டாக்டர் சொன்ன தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, இப்போதே விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.