கணக்கு வராதவர்களின் புகலிடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளிப் படிப்பை முடித்திருக்கிறேன். நிருபராக வேண்டும் என்பது எட்டாம் வகுப்பிலிருந்தே ஆசை. கல்லூரியில் இதழியலை முதன்மைப் பாடமாகவும் இலக்கியத்தைத் துணைப் பாடமாகவும் எடுக்கலாமா? இல்லை, அரசியல் அறிவியலை முதன்மையாக வைத்துக்கொண்டு இதழியலைத் துணையாக்கலாமா? கேமரா, எடிட்டிங் எல்லாம் இப்போதே கற்க வேண்டுமா? எனக்குக் கணக்கு சுத்தமாக வராது. அதனால்தான் இந்தத் துறையையே தேர்ந்தெடுத்தேன்.

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளுக்காகத்தான் இந்தப் பதில். மற்றதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

கேமராவும் எடிட்டிங்கும் சில மாதங்களில் கைக்கு வந்துவிடும். மென்பொருள் எப்படியும் மாறிக்கொண்டே இருக்கும். அதற்காகப் பட்டப்படிப்பில் இடம் ஒதுக்காதீர்கள். இலக்கியத்தை நீங்களாகவே படிப்பீர்கள், கடிதத்தின் நடையே சொல்கிறது. இதழியல் முதன்மையா துணையா என்பது அந்தத் துறையைப் பொறுத்தது. பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். வாராவாரம் களத்துக்கு அனுப்பி, எழுதி வந்ததை வரிக்கு வரி திருத்தித் தருகிறார்களா? மாணவர் இதழ் ஒழுங்காக வெளிவருகிறதா? அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு பற்றி ஒரு தாளாவது இருக்கிறதா? இருந்தால் முதன்மையாக எடுங்கள். தொடர்பியல் கோட்பாடுகளை மனப்பாடம் செய்து தேர்வெழுதும் துறை என்றால் அரசியல் அறிவியலோ பொருளியலோ மேல்.

இனி கணக்குக்கு வருகிறேன்.

கணக்கு வராது என்பதால் இதழியலுக்கு வந்தேன் என்கிறீர்கள். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும், அதனால் மருத்துவம் படிக்கிறேன் என்பது போல இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்படி வந்தவர்கள் செய்தி அறைகளில் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள். அவர்கள் எழுதுவதைத்தான் தினமும் படிக்கிறோம்.

வேலையின்மை 4 சதவீதத்திலிருந்து 5 ஆகிறது. 'ஒரு சதவீதம் உயர்வு' என்று எழுதினால் தவறு. உயர்ந்தது ஒரு சதவீதப் புள்ளி. சதவீதத்தில் சொன்னால் 25. ஆளுங்கட்சி ஒன்று என்னும், எதிர்க்கட்சி இருபத்தைந்து என்னும். இரண்டையும் மேற்கோளுக்குள் போட்டு, இருதரப்பையும் கேட்டாயிற்று என்று நிமிர்கிற நிருபர் தபால்காரர் வேலையைத்தான் பார்த்திருக்கிறார்.

20 லட்சம் பேர் வாழும் நகரத்தில் 300 விபத்து, 5 லட்சம் பேர் வாழும் நகரத்தில் 100 விபத்து. எது ஆபத்தான ஊர்? லட்சத்துக்கு 15, லட்சத்துக்கு 20. சின்ன ஊர்தான். தலைப்பு பெரிய ஊருக்குப் போயிருக்கும்.

கருத்துக்கணிப்பு இன்னும் மோசம். குலுக்கல் முறையில் 1,000 பேரைக் கேட்டால் ஏறத்தாழ 3 புள்ளி இப்படியும் அப்படியும் பிசகலாம். ஒருவருக்கு 46, இன்னொருவருக்கு 44 என்று வந்தால் 'முந்துகிறார்' என்று போட உங்களுக்கு உரிமை இல்லை. அந்த ஆயிரத்தில் இளைஞர்கள் 100 பேர்தான் என்றால், அவர்களைப் பற்றிய எண்ணில் பிசகு 10 புள்ளி. பிசகைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்களைக் கேட்க வேண்டும். தெருவில் அகப்பட்டவர்களைக் கேட்டிருந்தால் இந்தக் கணக்கே செல்லாது.

1967 ஜூலையில் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் கலவரம். படிக்காதவர்கள், வாழ்க்கையின் அடித்தட்டில் கிடந்தவர்கள் செய்தது என்று பேசிக்கொண்டார்கள். பிலிப் மேயர் என்ற நிருபர் அதற்குச் சற்று முன்புதான் ஹார்வர்டில் ஓராண்டு தங்கி, சமூக ஆய்வு முறைகளைக் கற்றிருந்தார். அவர் முன்னின்று நடத்திய கணக்கெடுப்பில், கலவரப் பகுதியில் 437 கறுப்பினத்தவரிடம் கேட்டார்கள். கல்லூரி வாசலை மிதித்தவர்களும் படிப்பை நிறுத்தியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் கலந்துகொண்டிருந்தார்கள். டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸில் அது வெளிவந்தது. கலவரச் செய்திகளுக்காக அந்த நாளிதழுக்கு 1968இல் புலிட்சர் பரிசு. எவ்வளவு அழகான நடையில் எழுதியிருந்தாலும் இந்த உண்மை கிடைத்திருக்காது.

ஆகவே துணைப் பாடம் புள்ளியியல். தேற்றங்களை நிறுவச் சொல்லும் தாள்களை விட்டுவிடுங்கள். சராசரிக்கும் இடைநிலைக்கும் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) வேறுபாடு, நிகழ்தகவு, மாதிரி எடுத்தல், ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் தொடர்புப் போக்கு, இவை போதும். ஒன்பது பேருக்கு 20 ஆயிரமும் பத்தாமவருக்கு 10 லட்சமும் சம்பளம் என்றால் சராசரி 1,18,000. அந்த அறையில் யாருமே வாங்காத சம்பளம். இடைநிலை 20 ஆயிரம். எக்செலில் பிவட் டேபிள் போடுவதை, அதாவது நீண்ட பட்டியலை வகைவாரியாகத் தொகுத்துக் கூட்டிப் பார்ப்பதை, முதல் பருவத்திலேயே பழகிவிடுங்கள். கல்லூரியில் புள்ளியியல் துணையாகக் கிடைக்காவிட்டால் பொருளியலைக் கேளுங்கள், அதற்குள் இரண்டு தாளாவது இருக்கும்.

எங்கோ ஒரு வகுப்பில் உங்களை யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். அது உங்கள் தவறல்ல. மேலே நான் போட்ட கணக்கெல்லாம் வகுத்தலும் பெருக்கலும்தான், நீங்களும் கூடவே வந்துவிட்டீர்கள்.

ஒரு வேலை தருகிறேன். ஒரு வாரம் செய்தித்தாளில் 'இரு மடங்கு', 'சதவீதம் உயர்வு' என்று வருகிற தலைப்புகளை வெட்டி வையுங்கள். எதிலிருந்து உயர்ந்தது என்ற எண் செய்திக்குள் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாதவற்றை மட்டும் எனக்கு அனுப்புங்கள்.