கேளுங்க சொல்றோம்: கோன்ல நாசில் வைக்க எந்த டயாவை எடுக்கணும்?

கேள்வி: சார் வணக்கம். திருச்சி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்ல டிராயிங் பாக்குறேன். பிரஷர் வெசலுக்கு (அழுத்தம் தாங்குற டேங்க்) அடியில கோன் (கூம்பு), ஹாஃப் அபெக்ஸ் ஆங்கிள் (நடு ஆக்ஸிஸுக்கும் கோன் சுவருக்கும் உள்ள கோணம்) 30 டிகிரி, பெரிய எண்ட் 2000 மிமீ, பிளேட் 10 மிமீ, பிரஷர் 1 மெகா பாஸ்கல். கோன் சைடுல 200 மிமீ உள்விட்டத்துல ஒரு நாசில் (பைப் இணைப்பு), படுக்கையா வரணும்னு கஸ்டமர் கேக்குறார். 2000 டயாவை போட்டு கணக்கு பாத்தா பேட் (நாசிலைச் சுத்தி பலத்துக்கு வெல்ட் பண்ற பிளேட்) கேக்குது. பேட் போட்டே ஆகணுமா?

பதில்: தம்பி, 2000ங்கிறது கோன் ஷெல்லோட (வெசலோட உருளை பாகம்) ஜாயின் ஆகுற இடத்து டயா, நாசில் அங்க இல்லையே. பிரஷர் வெசல் கோடான ஏஎஸ்எம்இ செக்‌ஷன் 8 டிவிஷன் 1ல, ஓட்டைக்கு பலம் கூட்டுறது பத்தின யூஜி-37 விதி என்ன சொல்லுதுன்னா, நாசில் ஆக்ஸிஸ் கோனோட உள்சுவரை எங்க குத்துதோ அந்த இடத்து டயாவை எடுத்துதான் தேவையான திக்னஸ் பாக்கணும். அந்த டயாவை நீங்க சொல்லல, 1200னு வச்சுக்கிறேன், அலவபிள் ஸ்ட்ரெஸ் (மெட்டீரியலுக்கு அனுமதிச்ச ஸ்ட்ரெஸ்) 138 மெகா பாஸ்கல், கரோஷன் அலவன்ஸ் (அரிப்புக்கு விடுற கூடுதல் திக்னஸ்) இல்ல. 2000க்கு 8.4 மிமீ கேக்குறது 1200க்கு 5 மிமீக்கு கிட்டதான் வருது, அப்போ 10 மிமீ பிளேட்ல பாதி மிச்சம், ஓட்டைக்காக வெட்டின மெட்டலுக்கு அது ஈடாகும், அதோட நாசில் சுவர்ல இருக்குற மிச்சத்தையும் கூட்டினா பேட் இல்லாமலே பாஸ் ஆக நல்ல சான்ஸ் இருக்கு.

ஆனா ஓட்டையை 200னு போட்டுடாதீங்க, நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். நாசில் கோன் சுவருக்கு செங்குத்தா நின்னாதான் ஓட்டை வட்டம், படுக்கையா வந்தா நீள்வட்டம், நீளம் 200ஐ காஸ் 30ஆல வகுத்தா 231. இதே நாசிலை வெசல் ஆக்ஸிஸுக்கு பேரலலா கீழ இறக்கினீங்கன்னா சைன் 30ஆல வகுக்கணும், நேரா 400! அதுவும் ஓட்டை நீளுறது கோனோட சரிவு வாட்டத்துல, ஹூப் ஸ்ட்ரெஸ் (சுவரை சுத்துவாட்டத்துல இழுக்குற ஸ்ட்ரெஸ்) முழுசா அறுபடுற பக்கம், அதனால கணக்குல சலுகையே கிடையாது. என்னைக் கேட்டா கஸ்டமர்கிட்ட பேசி சுவருக்கு செங்குத்தா வச்சுட்டு வெளிய ஒரு எல்போ போட்டுக்கலாம், வெட்டுறதும் வெல்ட் பண்றதும் ஈஸி.

இன்னொண்ணு, ஜாயிண்ட் பக்கத்துல நாசிலை தள்ளாதீங்க. அங்க கோனும் ஷெல்லும் முட்டுற இடத்துக்கே தனியா ரீஇன்ஃபோர்ஸ்மெண்ட் (பலத்துக்கு கூடுதல் மெட்டல்) தேவைப்படலாம், அதுக்கு கணக்குல காட்டின மெட்டலை நாசிலுக்கும் காட்ட முடியாது.

கேள்வி: பேட்ல போடுற டெல்-டேல் ஹோலை (லீக் இருந்தா காட்டிக் கொடுக்குற சின்ன ஓட்டை) டெஸ்ட் முடிஞ்சதும் அடைச்சிடலாமா?

பதில்: திறந்தும் விடலாம், அடைக்கவும் செய்யலாம். ஆனா அடைக்கிற பொருள் பேடுக்கும் சுவருக்கும் நடுவுல பிரஷரை தாங்குறதா இருக்கக் கூடாது. கிரீஸ் ஓகே, ஸ்டீல் பிளக் போட்டு இறுக்குறது, வெல்ட் வச்சு மூடுறது ரெண்டும் வேண்டாம், உள்ள வெல்ட்ல லீக் ஆனா வெளிய தெரியவே தெரியாது.